டிக்கெட் கேட்காத ஊர்



பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது இலவச பாஸைக் கைக்குள் மறைத்துப் பிடித்து, லேசாகக் காட்டிவிட்டு உடனே பைக்குள் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் அப்படித்தான். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர்கள் முன்னால் ஏனோ ஒரு கூச்சம். "ஓசிதானே" என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க மனசு சரியிருக்காது. இந்தக் கூச்சம் தேவைதானா என்று என்னை யோசிக்க வைத்தது ஓர் ஐரோப்பிய ஊர். அதன் பெயர் லக்சம்பர்க்.

பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் மூன்றுக்கும் நடுவில் இருக்கும் சின்ன நாடு அது. தலைநகரின் பெயரும் லக்சம்பர்க்தான். 2020 பிப்ரவரி 29 முதல் அந்த நாடு முழுவதும் பஸ், டிராம், ரயில் எல்லாவற்றிலும் கட்டணம் கிடையாது. ஒரு நாடு முழுக்க இப்படிச் செய்தது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. ரயிலில் முதல் வகுப்பில் உட்கார ஆசைப்பட்டால் மட்டும் காசு. அதற்கு முன்னால் 2 மணி நேரச் சீட்டு 2 யூரோ, முழு நாள் சீட்டு 4 யூரோ என்று இருந்தது.

வெளிநாடு என்றாலே காசு தண்ணியாச் செலவாகும் என்பார்கள். லக்சம்பர்க்கில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் அது உண்மைதான். அதனால் பலர் ஜெர்மனியின் டிரியரிலோ, பிரான்சின் மெட்ஸிலோ தங்கி, காலையில் ரயிலேறி வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். எல்லை வரைக்கும்தான் டிக்கெட் வேண்டும். ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் பையில் இருந்தால் ஊருக்குள் ஒரு நாளை நிம்மதியாகக் கழிக்கலாம். எப்படி என்கிறீர்களா?

ரயில் நிலைய வாசலிலேயே டிராம் நிற்கும். ஏறி உட்கார்ந்தால் 1903-இல் கட்டி முடித்த அடோல்ஃப் கல்பாலத்தைத் தாண்டி ஊர் நடுவில் இறக்கிவிடும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் உயரமான தூணின் மேல் தங்க நிறத்தில் ஒரு பெண் சிலை. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1923-இல் வைத்தது. 1940-இல் நாஜிகள் இடித்துத் தள்ளினார்கள். மறுபடியும் 1985-இல் நிறுத்தினார்கள். பார்க்கக் காசு இல்லை.

அடுத்து கோர்னிஷ் என்ற மதில் ஓரப் பாதை. கீழே பள்ளத்தாக்கில் அல்செட் ஆறும் பழைய வீடுகளும் தெரியும். இந்தப் பழைய கோட்டை நகரை யுனெஸ்கோ 1994-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாதையின் முடிவில் பொக் பாறை. 963-இல் சிக்ஃப்ரீட் என்ற பிரபு கோட்டை அமைத்த இடம். பாறைக்குள் குடைந்த சுரங்கங்களில் இரண்டாம் உலகப் போரின்போது ஆயிரக்கணக்கான மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து ஒளிந்திருந்தார்கள். சுரங்கத்துக்குள் போக மட்டும் கட்டணம் உண்டு.

பிறகு பஃபன்டால் என்ற பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டும். 71 மீட்டர் உயரத்துக்கு 2016-இல் கண்ணாடி லிப்ட் வைத்திருக்கிறார்கள். இலவசம்! அங்கிருந்து எதிர் மேட்டுக்கு ஏற, நம்ம பழனி மலை விஞ்ச் மாதிரி ஒரு வண்டி. அதுவும் இலவசம்! மேலே போனால் டிராம் காத்திருக்கும், மறுபடியும் ரயில் நிலையம். ஒரு சுற்று முடிந்தது. சுரங்கத்துக்குள் போகாதவர் பர்ஸைத் திறக்கவே வேண்டாம்.

இதில் எனக்குப் பிடித்தது காசு மிச்சம் மட்டுமல்ல. எஸ்டோனியா நாட்டுத் தலைநகர் டாலினில் 2013-இல் இலவசப் பயணம் வந்தது. ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும். லக்சம்பர்க் அப்படிப் பார்க்கவில்லை. பேங்க் அதிகாரி ஏறினாலும், துப்புரவுத் தொழிலாளி ஏறினாலும், ஒரு நாள் சுற்றிப்பார்க்க வந்தவர் ஏறினாலும் "நீ யார்?" என்ற கேள்வி இல்லை. பாஸ் இல்லை, அதனால் பாஸைக் காட்டும் கூச்சமும் இல்லை.

"சும்மா கொடுத்தா மதிப்பு இருக்காதுப்பா" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் கேட்கிறேன், அது சும்மாவா வருகிறது? அங்கே டிக்கெட்டில் கிடைத்த பணம், போக்குவரத்துக்கு ஆன செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் முன்பும் மக்கள் வரிப்பணம்தான். அந்தக் கடைசிப் பங்கையும் வரியிலேயே சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். தெருவிளக்குக்கு அடியில் நடக்கிறவரை யாராவது "ஓசி வெளிச்சம்" என்று சொல்கிறோமா?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இலவசம் வந்த பிறகும் அங்கே கார் நெரிசல் தீர்ந்துவிடவில்லை. காசு இல்லை என்பதற்காக மட்டும் யாரும் காரை விட்டு இறங்கிவிட மாட்டார்கள். வண்டி அடிக்கடி வரணும், நேரத்துக்கு வரணும், போக வேண்டிய இடத்துக்குப் போகணும். அதனால்தான் அவர்கள் டிராம் பாதையை நீட்டிக்கொண்டே போய் 2025-இல் விமான நிலையம் வரை கொண்டு சேர்த்தார்கள். அது பணக்கார நாடு, நம்மால் எல்லாவற்றையும் அப்படியே செய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் செய்யக் காசே தேவையில்லை. ஏறுகிறவரை மதிப்பது! 2021-இல் நம் ஊர் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியபோதும் "ஓசி" என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பாஸ் பிள்ளைகள் நிற்கிற ஸ்டாப் என்று தெரிந்து தள்ளிப் போய் நிறுத்துகிற பஸ்ஸின் பின்னால் புத்தகப் பையோடு நாமும் ஓடியிருக்கிறோம். பாஸ் கொடுத்தால் மட்டும் போதுமா? பஸ் நிற்கவும் வேண்டாமா?

நம் கையில் இருப்பது பிச்சை இல்லை நண்பர்களே. நம் அப்பா அம்மா கடையில் வாங்குகிற சோப்பிலும் பேஸ்டிலும் கட்டிய வரி அதில் இருக்கிறது. நாளைக் காலையில் கண்டக்டர் வந்தால் நான் பாஸை நிமிர்த்திப் பிடித்துத்தான் காட்டப்போகிறேன்.

நீங்க?