5 வாட்ஸ்தானேனு ஏமாந்துடாதீங்க... வீட்டுக்கு டியூப் ஆம்ப் செட்டாகுமா?

ஆர்.கே.பேட்டை பக்கம் போனால், தெருவுக்குள் நுழையும் முன்பே விசைத்தறிச் சத்தம் காதுக்கு வந்துவிடும். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். அங்கே நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவருக்குக் காலை 10 மணிதான் நடுராத்திரி. இப்படிப்பட்ட ஊர்களில், சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் பழகுகிறவர்களுக்கும் ரீல்ஸ் பார்த்துப் பார்த்து ஒரு ஆசை வந்திருக்கிறது: சின்னதா ஒரு டியூப் ஆம்ப் வாங்கணும்! வாங்கலாமா?

டியூப்னா என்ன?

தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கா? ஸ்விட்ச் போட்டதும் பாடாது. உள்ளே கண்ணாடிக் குழல் சூடாகி, செக்கச்செவேல்னு ஒளிர்ந்த பிறகுதான் குரல் வரும். அதே வால்வுதான் இது. தாங்கும் எல்லையைத் தாண்டி விரட்டும்போது வால்வு சட்டென்று உடையாமல், மெல்ல நசுங்கி ஒலிக்கும். அந்தக் கரகரப்புதான் ராக், ப்ளூஸ் கிட்டாரின் உயிர். பெரிய ஆம்பை வீட்டில் அந்த எல்லை வரை திறக்க முடியாது. அதனால்தான் எல்லோரும் 5 வாட்ஸ் பெட்டியைத் தேடுகிறார்கள்.

சின்ன பெட்டி, பெரிய சத்தம்

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் பலவற்றில் 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 95 டெசிபல் வரும். 5 வாட்ஸ் என்றால் 102. வாட்ஸைப் பத்து மடங்கு குறைத்தால்தான் சத்தம் 10 டெசிபல் குறையும். அது நம் காதுக்கு ஏறக்குறைய பாதியாகக் கேட்கும். அதாவது, 50 வாட்ஸுக்குப் பதில் 5 வாட்ஸ் வாங்கினால் சத்தம் பத்தில் ஒரு பங்காகாது, பாதியாகத்தான் ஆகும்!

குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு. காதுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும் என்கிறது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு. அந்தக் கணக்கில் 102 டெசிபலுக்கு 10 நிமிஷம்கூட இல்லை. பகல் முழுக்கத் தறிக்கூடத்தில் நிற்கிறவரின் காது அன்றைய கோட்டாவை ஏற்கெனவே முடித்திருக்கும். அவருக்கு வீட்டில் தேவை ஓய்வு. அவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம், உங்கள் அப்பாவாகவும் இருக்கலாம்.

அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

வாட்ஸைக் குறைக்கும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மார்ஷல் டி.எஸ்.எல்.1 மாடலில் 1 வாட்டை 0.1-க்கு இறக்கலாம். மேலே சொன்ன கணக்குப்படி அது சுமார் 85 டெசிபல். மாஸ்டர் வால்யூமும் ஹெட்போன் வசதியும் இருந்தால், ராத்திரி பிராக்டீஸுக்கு அதுவே போதும்.

அடுத்தது கரன்ட். அமெரிக்காவில் இருந்து வரும் செகண்ட் ஹேண்ட் பெட்டி 120 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கதை முடிந்தது. எர்த் சரியில்லாத பிளக் பாயின்ட்டில் இரைச்சல் மட்டுமல்ல, ஷாக்கும் வரும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் வேண்டாம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பின்பக்கத்தை நீங்களே கழற்றவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். உயிர் விஷயம்.

வால்வு போச்சுன்னா?

பல்பு மாதிரி வால்வும் ஒருநாள் தீரும். பெங்களூரு பெல் நிறுவனம் ஒரு காலத்தில் வால்வு தயாரித்தது. இன்றைக்கும் பழைய பெல் வால்வுகளைத் தேடிப்பிடிப்பவர்கள் உண்டு. இப்போது கிட்டார் ஆம்ப் வால்வுகளில் பெரும்பகுதி ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவில் இருந்துதான் வருகிறது. உக்ரைன் போர் தொடங்கிய கையோடு, 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் சராத்தோவ் ஆலையின் வால்வுகள் வராது என்று அறிவிப்பு வந்தது. உலகம் முழுக்கக் கடைகளில் தட்டுப்பாடு, விலையேற்றம். எங்கோ நடக்கும் போர் உங்கள் ரூம் ஆம்பை ஊமையாக்கலாம். எனவே, இ.சி.சி.83, இ.எல்.84 மாதிரி எளிதாகக் கிடைக்கும் வால்வு உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கலாமா, வேண்டாமா?

இப்போதுதான் கார்டு பிடிக்கப் பழகுகிறீர்களா? ஹெட்போன் வசதியுள்ள டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் போதும். வால்வு மாற்றும் செலவும் இல்லை. விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதை உணரும் அளவுக்குக் கை பழகிவிட்டதா? 1 வாட் டியூப் ஆம்ப் தாராளமாக வாங்கலாம். ஆனால், வால்யூமைத் திருகும் முன் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டுவிடுங்கள். விதிப்படி பகல் என்பது காலை 6 மணிக்கு ஆரம்பிக்கலாம். அவருக்கு அப்போதுதான் கண் சொக்கும்.