சிலை வைத்தால் தீர்ந்ததா?

போன வாரம் இங்கே லண்டனில் ஒரு பிறந்தநாள் விருந்து. சாப்பாடு முடிந்து பேச்சு கலைப் பக்கம் திரும்பியது. "ஹால் நிறைய எதையாவது கொட்டி வெச்சிட்டு இன்ஸ்டலேஷன்ங்கறான். நம்ம நடராஜர் கால் தூசி பெறுமா சார் இதெல்லாம்?" என்றார் நண்பர் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. பி.காம். படித்த பேங்க் ஆபீசருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வகை பிரிப்பதுதானே எங்கள் வேலையே!

அசையும் சொத்து சிற்பம், அசையாச் சொத்து இன்ஸ்டலேஷன் என்று முதலில் பிரித்துப் பார்த்தேன். ஒத்துவரவில்லை. மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசை யார் தூக்கிக்கொண்டு போவது? அதுவும் சிற்பம்தானே. அப்புறம்தான் புரிந்தது. நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. சிற்பத்துக்கு வெளியே நின்று பார்க்கிறோம். இன்ஸ்டலேஷனுக்கு உள்ளே நிற்கிறோம். அங்கே இருக்கும் வெளிச்சம், சத்தம், மிதிக்கிற தரை எல்லாமே படைப்பு.

வெள்ளைக்காரன் சரக்கு என்று முகம் சுளிக்காதீர்கள். கொலுவில் தனி பொம்மை சிற்பம். படி, விளக்கு, சுண்டல் வாசனை, பாட வந்த பக்கத்து வீட்டு மாமி எல்லாம் சேர்ந்தால்? எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குக் கட்டும் குடிலும் அப்படித்தான். நண்பரின் நடராஜரையே எடுங்கள். இங்கே விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் நிற்பவர் சிற்பம். கோயிலில் அலங்காரம், தீபம், மேளம், நெரிசலுக்கு நடுவே எட்டிப் பார்த்த நடராஜர் வெறும் சிற்பமா?

2010 அக்டோபரில் டேட் மாடர்னில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் பத்து கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டி வைத்தார். அத்தனையும் பீங்கான். சுமார் 1600 பேர் கையால் செய்தது. மக்கள் அதன் மேல் நடக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. சில நாளிலேயே நிறுத்திவிட்டார்கள். மிதிபட்டு எழும் பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாதாம். அதற்கப்புறம் வெளியே நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அதே விதைகள்தான். ஆனால் நடப்பது போனதும் பாதிப் படைப்பு போய்விட்டது. வித்தியாசம் புரிய வேறு உதாரணம் வேண்டாம்.

எனக்கு அந்தத் தூசிதான் தொண்டையில் நின்றது. நான் ராபர்ட்சன்பேட்டைக்காரன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தவர்களைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். லண்டனில் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்குச் சில நாளில் கிடைத்த அக்கறை எங்கள் ஆட்களுக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்கவில்லை.

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். ஊருக்குப் போனால் இப்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள்: "சர்க்கிள்ல ஒரு தொழிலாளி சிலை வெக்கணும், வெளிநாட்டுல இருக்கறவங்க நிதி குடுங்க."

சிலையைக் குறை சொல்லவில்லை. மெரினாவில் 1959ல் வைத்த ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பார்த்து நானே வாய் பிளந்து நின்றிருக்கிறேன். ஆனால் சர்க்கிள் சிலைக்கு வருஷத்துக்கு ஒருநாள் மாலை போட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிடலாம். அதுதான் என் கோபம்.

ஷாஃப்டின் மேல் நிற்கிற இரும்புக் கோபுரத்தை விட்டுவையுங்கள். அது மட்டும் கலையாகிவிடாது, தெரியும். ஒரு நல்ல கலைஞனைக் கூப்பிடுங்கள். கோபுரத்தடியில் கேஜ் அளவுக்கு ஓர் இருட்டறை. வருகிறவர்களை நெருக்கி நிறுத்துங்கள். பழைய சங்கு ஊதட்டும். கீழே பாறை வெடித்தால் வீட்டில் பாத்திரம் அதிருமே, அந்தச் சத்தம் வரட்டும்.

சிலையென்றால் இங்கே பிறந்த என் பெண் போட்டோ எடுத்துக்கொள்வாள். அந்த இருட்டில் இரண்டு நிமிஷம் நின்றால், தாத்தா ஏன் ராத்திரியெல்லாம் இருமினார் என்று கேட்பாள்.

நிதி கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த இருட்டறைக்கு ஒரு மாதச் சம்பளம் தருகிறேன். சிலைக்கு என்றால் ஐந்து பவுண்டுகூடக் கிடையாது.