கோடை முகாமில் ஆங்கிலம் வருமா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் சித்தூரிலும் திருப்பதியிலும் "முப்பது நாளில் ஆங்கிலம்" என்ற தட்டிகள் முளைத்துவிடுகின்றன. குடிபாலா பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் அநேகம். தகப்பனார் கூலியானாலும் சரி, குமாஸ்தாவானாலும் சரி, தம்மைப்போல் தம் பிள்ளையும் மேலதிகாரி முன் வாயடைத்து நிற்கக்கூடாது என்று கடன் வாங்கியாவது பணம் கட்டிவிடுகிறார். ஆசையில் தவறில்லை. கொடுத்த காசுக்குக் கிடைப்பது என்ன?

பெரும்பாலும் மனப்பாடம். பெயர், ஊர், தகப்பனார் தொழில் என்று பத்து வாக்கியம். கடைசி நாள் மேடையேறி ஒப்பித்ததும் பெற்றோர் பூரித்துப் போகிறார்கள். பள்ளி திறந்ததும் ஆசிரியர் புதிதாக ஒன்றைக் கேட்டால் பிள்ளை விழிக்கிறது. சில இடங்களில் தமிழ் பேசினால் அபராதம் வேறு! வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு என இரண்டு பாஷைகளை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு இந்தத் தண்டனை எதற்கு?

தெலுங்கு அதற்கு வந்தது கடைக்குப் போய், கோலி விளையாடி, சண்டை போட்டு. காரியம் நடக்கப் பாஷை வந்தது. இதையே வகுப்பறையில் செய்து பார்த்தவர் என்.எஸ்.பிரபு. பெங்களூரிலுள்ள தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தின் சார்பில் 1979 முதல் 1984 வரை அந்தச் சோதனை நடந்தது. சென்னை, கடலூரிலும் வகுப்புகள் நடந்தன. இலக்கணப் பாடமில்லை. ரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்து ஆங்கிலத்தில் கேள்விகள். எந்த வண்டியைப் பிடித்தால் நேரத்தோடு போய்ச் சேரலாம் என்று பிள்ளை மூளையைக் கசக்கும்போதே பாஷை உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. பிற்பாடு வைத்த தேர்வுகளில் பழைய முறையில் படித்தவர்கள் அம்முறைக்கேற்ற தேர்வில் முந்தினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். பொதுத் தேர்வுகள் சிலவற்றில் பிரபுவின் மாணவர்கள் கைதான் ஓங்கியிருந்தது.

வெள்ளைக்காரர் வாயால் கேட்டால்தான் ஆங்கிலம் வரும் என்பாரும் உண்டு. 1958ல் ஹைதராபாத்தில் துவங்கி 2007ல் மத்தியப் பல்கலைக்கழகமான ஆங்கில நிறுவனத்துக்கு வெளிநாட்டவரே வந்து நம்மவரிடம் ஆங்கிலம் படித்திருக்கிறார்கள்.

காட்பாடி, சித்தூர், பாகாலா, திருப்பதி மார்க்கத்தின் கால அட்டவணை ஒன்று போதும், ஒரு வாரப் பாடம் நடத்தலாம். கோடையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளிக் கட்டடத்தை இதற்குத் திறந்துவிடக் கேட்பதில் தப்பில்லை. அதுவரை, முகாமுக்குப் பணம் கட்டுமுன் பெற்றோர் அரைமணி நேரம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளைகள் யோசிக்கிறார்களா, ஒப்பிக்கிறார்களா என்பது ஆங்கிலம் தெரியாதவருக்கும் விளங்கிவிடும்.