ஹாஸ்டலா, ஊரா... உங்க ஓட்டு எங்கே?

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

எங்க ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. அப்பாயி காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தது. நான் சென்னையில் இருந்து ராத்திரி பஸ்ஸில் பாதித் தூரம் நின்றுகொண்டே வந்திருந்தேன். க்யூவில் நின்று, பந்தாவாக வாக்காளர் அட்டையை நீட்டினேன். லிஸ்ட்டை மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார் உள்ளே இருந்தவர்.

"உங்க பேரு இல்லையே தம்பி!"

"கார்டு இருக்கே சார்..."

"கார்டு இருக்கு. பேரு இல்லை."

வெளியே வந்தால் அப்பாயி, "அதுக்குள்ள போட்டுட்டியாடா? வெரலைக் காட்டு" என்றது. காட்டுவதற்கு என்ன இருக்கு?

தப்பு யாருடையது என்று இப்போ பட்டிமன்றம் வேண்டாம். அஞ்சு வருஷமா லிஸ்ட்டில் பேர் இருக்கா என்று ஒரு தடவைகூட நான் பார்க்கலை. அன்றைக்குத்தான் மண்டையில் உறைத்தது. கார்டு என்பது ஓட்டு இல்லை மக்களே... லிஸ்ட்தான் ஓட்டு!

அந்த நினைப்பில்தான் போன வாரம் தஞ்சாவூர் பக்கம் ஒரு காலேஜ் கேன்டீனில் நாலு பேரிடம் கேட்டேன். "லிஸ்ட்டில் பேர் சேர்த்தாச்சா?" ஒருத்தர், "ஆதார் இருக்குல்ல, அது போதாதாண்ணா?" என்றார். இன்னொருத்தர், "பதினெட்டு ஆனா தானா வந்துடும்னு நெனச்சேன்." மூணாவது ஆள் வேதாரண்யம் பக்கம், ஹாஸ்டல்வாசி. "எனக்கு ஊர்ல ஓட்டா, இங்க ஓட்டா... அதுவே தெரியலண்ணா." நாலாவது ஆள் பதில் சொல்லாமல் என் வடையை எடுத்துக்கொண்டார்.

தானா எதுவும் வராது பாஸ். இந்தியாவில் 18 வயதுக்காரர்களுக்கு ஓட்டு கிடைத்ததே 1989-ல்தான். அதுவரைக்கும் 21. ஆனா அந்த உரிமையை லிஸ்ட்டில் ஏற்ற, 'படிவம் 6' என்ற விண்ணப்பத்தை நாமதான் போடணும். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 நிரம்பி இருக்க வேண்டும். ஒருநாள் தாண்டினாலும் அடுத்த வருஷம்தான். 2022-ல் இருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருஷத்துக்கு நாலு வாய்ப்பு. 17 முடிந்திருந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஃபர்ஸ்ட் இயர் பசங்களே, உங்களைத்தான்!

சரி, வேதாரண்யம் தம்பியின் கேள்விக்கு வருவோம். ஹாஸ்டலா, ஊரா?

இரண்டில் எது என்று தேர்ந்தெடுக்கிற உரிமை உங்களுக்கே உண்டு. படிப்பதற்காக வெளியூர் போனதாலேயே நீங்கள் ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது. தற்காலிகமாக வெளியே போனால் சொந்த இருப்பிடம் போகாது என்று 1950-ம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. அதே நேரம், அங்கீகாரம் பெற்ற, ஒரு வருஷத்துக்குக் குறையாத படிப்பு என்றால் ஹாஸ்டல் முகவரியிலும் சேரலாம். அதற்கு பிரின்ஸிபாலோ ரிஜிஸ்ட்ராரோ தரும் போனஃபைட் சர்டிஃபிகேட் வேணும். இரண்டு இடத்திலும் சேர்வது மட்டும் கூடாது. தெரிந்தே பொய் விவரம் கொடுத்தால் ஒரு வருஷம் வரை ஜெயில் என்று அதே சட்டம் சொல்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? இதுதான் யோசிக்க வேண்டிய இடம்.

மேட்டூர் ஜூன் 12-ல் திறக்குமா, கடைமடைக்குத் தண்ணி எப்போ வரும், வடிகாலைத் தூர் வாரினார்களா, கொள்முதல் நிலையத்து வாசலில் அப்பாவோட நெல் எத்தனை நாள் மழையில் நனையும்... இதெல்லாம் உங்க வீட்டுச் சாப்பாட்டு நேரப் பேச்சு என்றால், உங்க ஓட்டு ஊரில் இருப்பதுதான் நியாயம். ஆனா தேர்தல் அன்னிக்கு பஸ் ஏறிப் போகணும். 'எக்ஸாம் இருக்கு', 'டிக்கெட் கிடைக்கலை' என்று மூணு வருஷமும் இங்கேயே இருக்கப்போகிற ஆளா? அப்போ ஹாஸ்டல் தொகுதியே மேல். போடாத ஊர் ஓட்டைவிட போடுகிற ஹாஸ்டல் ஓட்டுக்கு மரியாதை அதிகம்.

2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது மாணவர்களும் போராட்டத்தில் இறங்கினார்கள். டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் 2020 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கோஷம் போட்டது தெருவில். கை தூக்கியது சட்டமன்றத்தில். அங்கே யார் உட்காரணும் என்பதை லிஸ்ட்டில் பேர் உள்ளவர்கள்தான் முடிவு செய்கிறார்கள்.

'என் ஒரு ஓட்டால என்ன ஆகப்போகுது?' என்பவர்களுக்கு: 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. ஒரு ஹாஸ்டல் பிளாக்கில் அதைவிடக் கூட்டம்!

நம்ம தஞ்சாவூர் கதை தெரியுமா? 2016 மே 16-ல் நடக்க வேண்டிய தொகுதித் தேர்தலை, பணப்பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. நவம்பர் 19-ல்தான் ஓட்டுப்பதிவு. காசு கொடுக்க வருகிற ஆள் கையிலும் அதே வாக்காளர் லிஸ்ட்தான் இருக்கும். அவனுக்குத் தெரிந்த லிஸ்ட்டோட மதிப்பு நமக்குத் தெரியலைன்னா எப்படி?

லிஸ்ட்டில் ஏறிய பேர் இறங்கவும் செய்யும். 2025-ல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, தமிழ்நாட்டில் சுமார் 6.41 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை டிசம்பர் வரைவுப் பட்டியலில் 5.43 கோடி ஆனது. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு எல்லாம் போக, பெரும்பகுதி முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள். முகவரியில் இல்லாதவர் யார்? ஹாஸ்டலில் இருக்கிற நீங்களும்தானே!

இவ்வளவையும் எங்கே உட்கார்ந்து முடிப்பது? அதுக்குத்தான் இருக்கே... காலேஜ் லைப்ரரி! நெட் இருக்கு, ஸ்கேனர் இருக்கு, ஃபேன் இருக்கு. முக்கியமா, அது எந்தக் கட்சியோட இடமும் இல்லை. 2018-ல் இருந்தே கல்லூரிகளில் 'வாக்காளர் கல்விக் கழகம்' அமைக்கச் சொல்லி வருகிறது தேர்தல் ஆணையம். பல இடங்களில் அது வருஷத்துக்கு ஒரு கோலப் போட்டியோடு முடிந்துவிடுகிறது. லைப்ரரியில் வாரம் ஒருநாள், ஒரு மேஜை, இரண்டு சீனியர்கள்... இவ்வளவு போதும்.

'லைப்ரரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்க. 1931-ல் மன்னார்குடியில் கனகசபை பிள்ளை என்ற பொறியாளர், மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி கிராமம் கிராமமாக அனுப்பினார். அந்த வண்டியைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், இந்திய நூலக அறிவியலின் தந்தை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. தாலுகா ஆபீஸுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு பையனின் நேரத்தை மிச்சப்படுத்தினால், ரங்கநாதன் கோவிச்சுக்க மாட்டார்!

லைப்ரரியில் செய்ய வேண்டியது:

1. முதலில் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தளத்தில் உங்க பேரைத் தேடுங்க. ஏற்கெனவே இருந்தால் திரும்பச் சேர்க்காதீங்க. பிழை திருத்தவும், முகவரி மாற்றவும் படிவம் 8.

2. பேர் இல்லையா? படிவம் 6. ஒரு போட்டோ, வயதுக்குப் பத்தாவது மார்க் ஷீட், முகவரிக்கு ஆதார் அல்லது பேங்க் பாஸ்புக். ஹாஸ்டல் என்றால் போனஃபைட்.

3. வீட்டில் ஒருத்தரோட வாக்காளர் அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு வாங்க.

4. பேரையும் இனிஷியலையும் தமிழில் ஒரு தடவை சத்தமாகப் படிங்க. 'செந்தில்' 'சேந்தில்' ஆகும் இடம் இதுதான்.

5. ஓ.டி.பி.யை நீங்களே போடுங்க. சீனியராகவே இருந்தாலும் சொல்லாதீங்க.

6. அத்தாட்சி எண்ணைப் பத்திரப்படுத்துங்க. விசாரிக்க வாக்குச்சாவடி நிலை அலுவலர் வருவார், வீட்டில் சொல்லி வையுங்க. சந்தேகம் என்றால் 1950-க்கு போன் பண்ணுங்க.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கலாம் என்று மட்டும் இருக்காதீங்க. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குப் பேர் சேர்க்கச் சட்டத்தில் இடமே இல்லை. விசாரணைக்கும் நாள் வேண்டும்.

என் கதை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அடுத்த வாரமே விண்ணப்பம் போட்டு, திரும்பவும் பேர் சேர்த்தேன். அதற்கடுத்த தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு மையோடு வந்து நின்றபோது, விரலைக் காட்டச் சொல்ல அப்பாயி இல்லை.

உங்க வீட்டு அப்பாயி காத்திருக்கும்போதே காட்டிடுங்க ஃப்ரெண்ட்ஸ்!