கடைசியில் பார்த்துக்கொள்ளலாமா?

"இப்போ என்ன அவசரம்? வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும், செட்டில் ஆனபிறகு ஆண்டவரைப் பார்த்துக்கொள்ளலாம்!"

கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். யாராவது மறுத்தால் உடனே இரண்டு சாட்சிகளைக் கூட்டிவருவார்கள். ஒருவர், சிலுவையில் தொங்கிய கள்ளன். இன்னொருவர் அகஸ்டின்.

கள்ளனை முதலில் விட்டுவிடுங்கள். அவன் திட்டம் போட்டுத் தள்ளிப்போட்டதாக பைபிளில் எங்கும் இல்லை. அவன் கையில் மிச்சமிருந்ததே அந்த ஒரு நாள்தான், அதை அவன் வீணாக்கவில்லை. இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அவன் எப்படிச் சாட்சி ஆவான்?

சரி, அகஸ்டினுக்கு வருவோம். 354-ல் இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். 386-ல் மிலான் நகரில் மனந்திரும்பினார். பிறகு பிஷப் ஆனார், திருச்சபையின் மாபெரும் போதகர் ஆனார். "பார்த்தீர்களா, வாலிபத்தில் ஆடியும் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே" என்கிறார்கள்.

கெட்டுப்போகவில்லையா? அவரோடு சுமார் பதினைந்து வருடம் வாழ்ந்த ஒரு பெண் இருந்தாள். அவர்களுக்கு ஒரு மகனும் உண்டு. அகஸ்டினுக்கு வேறு இடத்தில் சம்பந்தம் பேசி முடித்ததும், மகனை விட்டுவிட்டு அவள் மட்டும் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனாள். அகஸ்டின் தன் கதையை எழுதிய புத்தகத்தில் அவள் பெயர்கூட இல்லை. அவரைக் கடவுள் மன்னித்தார், உண்மைதான். அவளுடைய பதினைந்து வருடத்தை யார் திருப்பிக் கொடுத்தது?

பி.காம். மாணவர்களுக்கு இது தெரிந்த பாடம். ஒருவருக்குத் தள்ளுபடியான கடன், இன்னொருவர் ஏட்டில் நஷ்டமாக ஏறும்.

இப்போது வேறொரு வாழ்க்கையைப் பாருங்கள். அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர், நோயில் இருந்த தாயைக் கவனிக்க 1890-ல் திண்டிவனம் வந்தார். வயது இருபதுகூட நிரம்பவில்லை. மிஷனரி ஆகும் ஆசையே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் கூடாது என்றார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா அமெரிக்கா போனார், மருத்துவம் படிக்க. 1899-ல் பட்டம், 1900-ல் வேலூர். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் இன்றைய சி.எம்.சி. "செட்டில் ஆனபிறகு பார்க்கலாம்" என்று அவரும் சொல்லியிருந்தால்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாலிபர் முகாமில் கை தூக்கி, கண்ணீர்விட்டு, திங்கட்கிழமை பரீட்சையில் பிட் அடிப்பதற்குப் பெயர் அர்ப்பணிப்பு அல்ல. எத்தனை கைகள் உயர்ந்தன என்று எண்ணிச் சந்தோஷப்படும் பெரியவர்களும் இதை யோசிக்கட்டும். ஐடாவின் தீர்மானம் ஒரு இரவில் பிறந்தது, ஆனால் அதற்கான விலையை வருடக்கணக்கில் படித்துத்தான் கட்டினார்.

ஐம்பது வயதில் வருகிறவனையும் ஆண்டவர் ஏற்றுக்கொள்வார், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதுவரை அவன் செய்த தாமதத்துக்கு வட்டி கட்டப்போவது யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள், நண்பர்களே!