வீட்டு உரிமையாளர் பெயரை மறைக்கலாமா?

முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடும் சிலர், உரிமையாளர் தாமே என்று சொல்லத் தயங்கி, 'ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அறிமுகம் செய்துகொள்கிறார்கள். மயிலாப்பூரிலோ அடையாறிலோ ஒரே அடுக்ககத்தில் குடித்தனக்காரருடன் தினமும் படியேறி இறங்குபவருக்கு இந்த ஆசை வருவது புரிந்துகொள்ளக்கூடியதே. வாடகையைக் குறைக்கக் கேட்டாலும் அட்வான்ஸைத் தவணையில் தருகிறேன் என்றாலும் நேருக்கு நேர் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இந்த மறைப்பு ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதையும் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் உரிமையாளர் பெயர் இருந்தாக வேண்டும். வில்லங்கச் சான்றையோ பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். பொய் வெளிப்பட்ட பிறகு, நியாயமான வாடகை உயர்வைக்கூடக் குடியிருப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். பல லட்சம் அட்வான்ஸ் கொடுப்பவருக்கு, அது யார் கையில் இருக்கிறது என்று அறிய முழு உரிமை உண்டு. நேரடிப் பேச்சு வேண்டாம் என்பவருக்கு நேர்மையான வழியைச் சட்டமே தந்திருக்கிறது: சொத்து மேலாளர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் அதிகார வரம்பையும் குடியிருப்பவருக்குத் தெரிவித்துவிடலாம்.