முத்திக்குக் குறுக்குவழி உண்டோ?

கங்கையும் யமுனையும் கலக்கும் பிரயாகைத் துறையில் 2001-ஆம் ஆண்டு நிகழ்ந்த கும்பமேளாவைப் படம்பிடித்து, மௌரீசியோ பெனாஸோ, நிக் டே என்னும் மேனாட்டார் இருவர் 2004-ஆம் ஆண்டில் ஓர் ஆவணப்படம் வெளியிட்டனர். அதற்கு அவர் இட்ட பெயர் 'ஷார்ட் கட் டு நிர்வாணா' என்பது. முத்திக்குக் குறுக்குவழி என்பது அதன் பொருள். அது வெளிவந்து இருபதாண்டுகள் கடந்தன. ஆயினும் அப்பெயரில் அடங்கிய பிழை இன்னும் உயிரோடுளது. மேனாட்டாரிடத்து மட்டுமன்றி நம்மவரிடத்தும் உளது. ஆதலின் அதனை ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

படமெடுத்தார்மாட்டு நமக்குப் பகைமை சிறிதுமில்லை. அவர் இகழ வந்தாரல்லர், வியந்து வந்தனர். ஓர் இளந்துறவியை வழித்துணையாகக் கொண்டு அவர் கூறியவற்றைச் செவிமடுத்தனர். தலாய் லாமா அவ்விழாவிற்கு வந்தமையையும் காட்டினர். இவையெல்லாம் நன்றே. எனினும் வியப்பு வேறு, வழிபாடு வேறு. பல்லாண்டுகளாக ஒரு கையை மேலே தூக்கி நிறுத்தி, அது வற்றிச் சூம்பப்பெற்ற துறவியும், அவர்போல்வாரைக் கண்டு மலைக்கும் மேனாட்டு வழிப்போக்கருமே அப்படத்தில் முதலிடம் பெற்றனர். மாக மாதம் முழுதும் ஆற்று மணலிற் குடிலமைத்து, நாளொன்றுக்கு ஒருவேளை உண்டு, தரையிற் படுத்து, வைகறையில் நீராடி, அறவுரை கேட்டு வாழும் கற்பவாசிகள் அங்கு எண்ணிறந்தோர் உளர். அவர் செயலிற் கண்ணைக் கவர்வது யாதுமில்லை. ஆகவே வியப்புத் தேடிச் செல்லும் படப்பொறிக்கு அவர் உரியராதல் அரிது. தலங்களின் உயிராய் நிற்பவர் அவரே என்பதனை யார் எடுத்துரைப்பார்?

'பெயர் விளையாட்டாக இட்டது. அதனைப் பற்றிக்கொண்டு வாதிடுதல் வேண்டா' என்பாருமுளர். விளையாட்டேயாயினும், காண்பார் உள்ளத்திற் பதிவது அப்பெயரே. சைவசித்தாந்தம் கூறுவது யாது? ஆணவமலம் உயிரை அநாதியே பற்றியது. செம்பிற் களிம்புபோல் உடனாய் நிற்பது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நாற்படியும் முறையே ஏறி, இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்தி, சத்திநிபாதம் பதிந்து, குருவருளாற் பெறுதற்குரியது வீடு. இந்நெறியிற் குறுக்குவழி என்பதொன்றில்லை. ஒருவர் விரைந்து பெற்றாராயின், முற்பிறவிகளில் அப்படிகளை ஏறி முடித்தவர் அவர் என்பதே பெரியோர் துணிபு.

'அங்ஙனமாயின், கையை உயர்த்தி நிற்கும் அவ்வருந்தவத்தையும் இகழ்கின்றீரோ?' என வினவலாம். இகழ்ந்திலேம். உடலை வருத்துதல் சைவத்திற்குப் புதிதன்று. திருநாவுக்கரசு நாயனார் கயிலைக்கோலங் காணும் வேட்கையால் வடபுலஞ் சென்ற வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. காசியில் உடன்வந்தாரை நிறுத்தித் தாம் தனியே ஏகினார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தாவினார். கைகளும் சிதைந்தன, மார்பினால் உந்தினார். என்பும் முரிந்தபின் புரண்டு புரண்டு சென்றார். அங்குக் காண்பார் எவருமிலர். இறைவன் ஒருவனே கண்டான். அவ்விறைவன் கயிலையை அங்குக் காட்டாது, ஒரு தடாகத்தில் முழுகப் பணித்துத் திருவையாற்றில் எழச்செய்து ஆங்கே காட்சி நல்கினான். கங்கைக்கரை கடந்து சென்ற அப்பெருமானே, இறைவன் எங்குமுளன் என்று உணராதார்க்குக் கங்கை காவிரி முதலிய தீர்த்தங்களில் ஆடுதலாற் பயனில்லை எனப் பாவநாசத் திருக்குறுந்தொகையில் அறிவுறுத்தருளினார். தீர்த்தத்தை அவர் இகழ்ந்தாரல்லர். தீர்த்தத்தைத் தீர்த்தமாக்குவது இன்னதெனக் காட்டினார். நீரில் நின்று அருள்புரிவது சிவசத்தி. அச்சத்தியை நினையாது முழுகுவார் பெறுவது குளிர்ச்சியொன்றே. ஆதலின் அக்கையுயர்த்திய துறவியின் உள்ளத்தில் என்னுளதென அளத்தற்கு நமக்கும் உரிமையில்லை, படப்பொறிக்கும் ஆற்றலில்லை. அளக்கலாகாததனைக் காட்சிப்பொருளாக்குதலையே மறுக்கின்றோம்.

இனி நம்மவர் குற்றத்திற்கு வருவாம். மேனாட்டார் குறுக்குவழி என்றது தாமே புனைந்ததன்று. 'இன்ன நாளில், இன்ன வேளையில், இன்ன துறையில் ஒருமுறை முழுகின் பிறவியறும்' என்று ஊரெங்கும் பறைசாற்றுவார் நம்முள்ளேயே உளர். அதன் விளைவு என்னை? 1954-ஆம் ஆண்டு பெப்ரவரி 3-ஆம் நாள், தை அமாவாசையில், அத்துறையின் நெரிசலில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2025-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள், அதே அமாவாசையில், அதே சங்கமத்தை நோக்கிக் கூட்டம் நெருங்கியபோது 30 பேர் இறந்தனர் என அன்றே அரசினர் அறிவித்தனர். 'அண்மையிலுள்ள துறையிலேயே நீராடுமின்' என்று அரசினர் அன்று வேண்டிக்கொண்டனர். அவ்வேண்டுகோள் சைவர்க்குப் புதியதோ? இறைவன் எங்குமுளன் என்னும் அப்பர் வாக்கின் பொருள் அதுவேயன்றோ? சமயவுரை நிகழ்த்துவார் அதனை ஆண்டுதோறும் முன்னரே எடுத்தோதியிருப்பின், கூட்டத்திற் சிறிது பகுதியேனும் பிற துறைகளை நாடியிருத்தல் கூடும். இறந்தாரை நோவதற்கில்லை, அவர் அன்பின் மிகுதியால் வந்தவர். அவர்க்குத் தீர்த்தத்தின் தத்துவத்தை உணர்த்தாது அவசரத்தை மட்டும் ஊட்டினாரே நோதற்குரியர்.

அவ்விழா முடிந்தபின், 66 கோடிக்கு மேற்பட்டோர் நீராடினர் எனப் பெருமிதத்தோடு கணக்குரைக்கப்பட்டது. தலையெண்ணி மகிழ்தலும் சூம்பிய கையைக் காட்டி வியத்தலும் ஒரு தன்மையனவே. இரண்டும் கண்ணுக்குப் புலனாவதனையே சமயமெனக் கொள்வன. அக்கோடியருள் ஒருவர், நீரினின்று எழுங்கால் 'யான், எனது' என்னும் செருக்கில் ஒரு துளியேனும் அங்கு விட்டு எழுந்தாராயின், அவரே தீர்த்தமாடினவர். அவரைக் கணக்கெடுத்தார் எவருமிலர், எடுத்தலும் இயலாது.

ஆதலின் அன்பர்களே! பிரயாகைக்குச் செல்வோர் செல்க. கற்பவாசியர் நோன்பு போற்றற்பாலதே. செல்ல இயலாதார் தம்மூர்க் குளத்தில் திருவைந்தெழுத்தோதி முழுகுக. படத்தைக் காண்போர், அது புறத்தைக் காட்டும் கண்ணாடி என்றறிந்து காண்க. எவர் வினவினும், முத்திக்குக் குறுக்குவழி இல்லை, நெறியே உண்டு என்று அஞ்சாது உரைமின்.

திருச்சிற்றம்பலம்.